மழைக்கோட்டுக்காரர் வந்து சேர்ந்தார்

குஷிரோ
1973 ஜூன் 10

அன்புத் தங்கச்சி இகுமிக்கு,

இங்கே மூடுபனி இறங்கிவிட்டது. மூன்று நாளாகத் துறைமுகத்தில் பனிச் சங்கு ஓயாமல் ஊதுகிறது. ஐஸ் ஆலை வாசலில் நின்றால் எதிரே கட்டியிருக்கும் படகு தெரிவதில்லை. அதில் இருப்பவன் இருமுவது மட்டும் கேட்கிறது. டோக்கியோவில் மழை பிடித்திருக்குமே, உன் சளி எப்படி இருக்கிறது? குடை எடுத்துப் போகிறாயா, அல்லது வழக்கம்போல் நூலகத்தில் மறந்து வைத்துவிட்டு நனைந்து வருகிறாயா?

இந்த மாதம் ஓடிய இசைத்தட்டுகள்: 'மூன்று நாற்காலி' இரண்டு பக்கமும். 'பச்சைப் படிக்கட்டு' மறுபக்கம் மட்டும். 'கோழிக்கால்' ஒன்பது தடவை. அந்த பாஸ் வாசிப்பவரின் விரலை உறை அட்டையில் பார்த்துக்கொண்டே கேட்டால் இன்னும் நன்றாக இருக்கிறது. நீ ஆங்கிலம் படித்த பட்டதாரி. அவருடைய உண்மையான பெயர் உனக்குத் தெரியும். தயவுசெய்து சொல்லாதே. அட்டைப் படத்தைப் பார்த்து நாம் வைத்த பெயர்களே போதும்.

மாஸ்டர் குரிமோட்டோவின் காப்பிக் கடைக்கு வியாழக்கிழமை கணவாய் மீன் படகுக்காரன் ஒருவன் புதிதாக வந்தான். எல்லோரும் கண்ணை மூடி ஜாஸ் கேட்டுக்கொண்டிருந்தோம். சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றான். மாஸ்டர் சுவரில் இருந்த 'பேசக் கூடாது' பலகையைக் காட்டினார். "காப்பி கேக்கக்கூடப் பேசக் கூடாதா?" என்றான். மாஸ்டர் பெரிய மனுஷத்தனமாகத் தலையை ஆட்டினார். அவன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். போகும்போது என் காதருகே குனிந்து, "அண்ணே, இந்தப் பாட்டு எப்பத்தான் முடியும்?" என்றான். அதற்குள் ஐந்து தட்டு மாறியிருந்தது.

மழைக்கோட்டுக்காரர் சுகமா? ஆறு வருஷமாக உன்னிடம் கைதியாக இருக்கிறார். நீ கல்லூரிக்குக் கிளம்பிய அன்று இருபத்துமூன்று தட்டையும் ஆளுக்கு ஒன்றாக மாறி மாறி எடுத்தோம். கடைசியாக மிஞ்சியது அட்டையில் மழைக்கோட்டோடு நிற்கும் அவர். அமெரிக்கக் கப்பல் சமையற்காரனிடம் கெஞ்சி வாங்கி வந்தவன் நான். கல், கத்தரி, காகிதம் போட்டு நீ ஜெயித்தாய். நீ அரை நொடி தாமதமாகத்தான் கையை நீட்டினாய். அது ஏமாற்று வேலை. சாகும்வரை சொல்வேன்.

வயிறு கொஞ்ச நாளாக எரிகிறது. குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமாம். பெரிதாக ஒன்றுமில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்,
தொகுஜி


டோக்கியோ
1973 ஜூலை 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

சளி போய்விட்டது, குடையும் போய்விட்டது. மாடி அறை அடுப்பு போலக் கொதிக்கிறது. வயிற்றில் குழாய் விட்டார்களா? எரிச்சலோடு கருவாடும் மதுவும் வேண்டாம். நான் சொன்னால் கேட்கமாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன்.

நூலகத்தில் எல்லோரும் நல்லவர்கள். மதியம் கூட்டமாகச் சாப்பிடுகிறார்கள். நான் பழைய செய்தித்தாள் அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அவர்கள் பேச்சில் அப்பாவின் உத்தியோகம், அம்மா படித்த பள்ளிக்கூடம் எல்லாம் வரும். கடலில் போன அப்பாவை எந்த இடத்தில் நுழைப்பது என்று எனக்குத் தெரிவதில்லை. போன வாரம் தலைமை நூலகர், "இகுமி, நீங்க லீவுன்னு நெனச்சேன். காலைலருந்து இங்கதான் இருக்கீங்களா?" என்றார்.

இந்த மாதம் ஓடியவை: 'தூங்கும் ட்ரம்பெட்' நான்கு தடவை, 'இரண்டு தொப்பி' ஒரு தடவை, மழைக்கோட்டுக்காரர் தினமும். சத்தத்தை மிகவும் குறைத்து வைக்கிறேன். அப்படியும் கீழ்வீட்டுத் தகியே அம்மா துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கிறார். நேற்று படியில் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, மேல பசு கன்னு போடுதா?" "இல்லைங்க, சாக்ஸபோன்." "அதுக்கு ஒடம்பு சரியில்லயா?"

மழைக்கோட்டுக்காரரைக் கேட்டு இனி எழுதாதே. உயிரோடு இருக்கும்வரை தரமாட்டேன். இறந்த பிறகும் கிடையாது. பெட்டிக்குள் என்னோடு வைத்துக் கொளுத்தச் சொல்லிவிட்டேன்.

வழக்கம்போல டிசம்பர் 28 வருவேன். வயிறு என்ன ஆயிற்று என்று உடனே எழுது.

ஏமாற்றாத தங்கை,
இகுமி


குஷிரோ
1973 ஜூலை 25

மதிப்பிற்குரிய இகுமி அவர்களுக்கு,

முன்பின் அறிமுகமின்றி எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். தங்கள் அண்ணன் திரு. தொகுஜி எங்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளார். அவருக்கு நெருங்கிய உறவு தாங்கள் ஒருவரே என்பதால் தங்களிடம் தெரிவிப்பது என் கடமை.

அவருக்கு வந்திருப்பது இரைப்பைப் புற்றுநோய். பதினெட்டாம் தேதி வயிற்றைத் திறந்தோம். கல்லீரல்வரை பரவியிருந்ததால் எதையும் அகற்றாமல் மூடிவிட்டோம். அவர் புத்தாண்டைப் பார்ப்பது அரிது.

வழக்கப்படி நோயாளியிடம் இதைச் சொல்லவில்லை. புண் என்றும், அதை வெட்டி எடுத்துவிட்டோம் என்றும் சொல்லியிருக்கிறோம். தெரிந்துகொண்டவர்கள் சீக்கிரமே மனம் தளர்ந்துவிடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தாங்களும் கடிதத்திலோ நேரிலோ அவருக்குச் சந்தேகம் வராதபடி நடந்துகொள்ள வேண்டுகிறேன். ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே வருகிற உறவினர் திடீரென்று அவ்வளவு தூரத்திலிருந்து வந்து நின்றால் நோயாளிகள் புரிந்துகொண்டுவிடுகிறார்கள். வருவதும் வராததும் தங்கள் விருப்பம்.

கோடை வெயிலில் தங்கள் உடல்நலத்தைப் பேணிக்கொள்ளுங்கள்.

மருத்துவர் ஹனவோகா


குஷிரோ
1973 ஆகஸ்ட் 8

அன்புத் தங்கச்சிக்கு,

கோடை வந்தும் இங்கே கம்பளிதான். நீ வேர்த்துக் கொட்டிக்கொண்டிருப்பாய். பயப்படாதே, புண்ணை வெட்டி எடுத்துவிட்டார்கள். தையல் ஒரு சாண் நீளம். ஹனவோகா டாக்டர் நல்ல மனிதர், என்ன கேட்டாலும் சிரிக்கிறார்.

இங்கே ரெக்கார்டு போட வழியில்லை என்று நினைக்கிறாயா? மாஸ்டர் புதன்கிழமை கடையை மூடிவிட்டு என் வீட்டிலிருந்து நாலைந்து ரெக்கார்டு அட்டை கொண்டுவந்து தருகிறார். அட்டையை ஜன்னலில் நிறுத்திவைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு, எல்லாம் வரிசையாக வருகிறது. கீறல் விழுந்த இடத்தில் தாவக்கூடச் செய்கிறது. இருபது நிமிஷம் ஆனதும் அட்டையைத் திருப்பி வைக்கிறேன். பக்கத்துக் கட்டிலில் கோதா என்று ஒரு பெரியவர், நாற்பது வருஷம் சால்மன் படகில் போனவர். "என்ன தம்பி, தட்டைத் திருப்பிப் போட்டாச்சா? கொஞ்சம் சத்தத்தக் கொற, நர்ஸம்மா வர்றாங்க" என்கிறார். வார்டு முழுக்கச் சிரிப்பு.

ஒன்று செய். ஞாயிறு மூன்று மணிக்கு நீ எதைப் போடப்போகிறாய் என்று முன்கூட்டியே எழுது. அதே நேரத்தில் நானும் இங்கே போடுகிறேன்.

புண்ணுக்காக லீவு போட்டு வந்துவிடாதே. டிசம்பரில் பார்க்கலாம். மழைக்கோட்டுக்காரரை மட்டும் அனுப்பினால் நாளைக்கே எழுந்து ஓடுவேன். அனுப்பமாட்டாய், தெரியும். தாமதக் கைக்காரி.

தையல் பிரியாமல் சிரிக்கப் பழகும்,
அண்ணன்


டோக்கியோ
1973 செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நூலகத்தில் கணக்கெடுப்பு. இங்கே வெயில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. புண்ணை எடுத்துவிட்டதைப் படித்து நிம்மதியாக இருந்தது. இந்தக் காலத்தில் புண் ஒரு பெரிய விஷயமே இல்லை என்று எங்கள் தலைமை நூலகர் சொல்கிறார். அவருடைய மைத்துனர் அதே சிகிச்சைக்குப் பிறகு மலையேறுகிறாராம். நீயும் ஏறலாம்.

ஞாயிறு மூன்று மணி எனக்குச் சம்மதம். ஒன்பதாம் தேதி 'இரண்டு தொப்பி', முதல் பக்கம். பதினாறு, 'தூங்கும் ட்ரம்பெட்', மறுபக்கம். இருபத்துமூன்று நீ சொல்.

தனியாக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். மழைக்கோட்டுக்காரர்தான். பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. தகியே அம்மாவின் தொல்லை தாங்கவில்லை. எனக்கும் தினமும் கேட்டு அலுத்துவிட்டது. உன்னிடமே இருக்கட்டும்.

கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடி.

அன்புடன்,
இகுமி


குஷிரோ
1973 செப்டம்பர் 24

அன்புத் தங்கச்சிக்கு,

பனி விலகி வானம் நன்றாக இருக்கிறது. ஜன்னலில் ஆற்றுப் பாலம்வரை தெரிகிறது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

மழைக்கோட்டுக்காரர் வந்து சேர்ந்தார். அட்டையின் ஒரு மூலைகூட மடங்கவில்லை. நன்றாகக் கட்டியிருக்கிறாய். மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டுதான் வாங்கிப் பார்த்தார்.

ஜன்னலில் நிறுத்திவைத்தேன். கோதா ஐயா ரொம்ப நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ கேட்டுக்கிட்டே இருந்தது இதுதான? கெடச்சிருச்சுல்ல. மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு?" என்றார். "ஊசி போட்ட எடம் வலிக்குது" என்றேன்.

ஒரு விஷயம். அன்றைக்குக் கல், கத்தரி, காகிதம் போட்டபோது நீ தாமதமாகக் கை நீட்டவில்லை. சரியாகத்தான் நீட்டினாய். எனக்கு அப்போதே தெரியும்.

முதல் பனி விழுவதற்குள் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்கிறார். நானும் சரி என்றேன். உனக்கு எப்போதாவது பெரிய அறை கிடைத்தால், தகியே அம்மா மாதிரி ஆள் கீழே இல்லாத வீடாகப் பார்.

தொகுஜி


டோக்கியோ
1973 நவம்பர் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. ஊரே பைத்தியம் பிடித்து அலைகிறது. அரபு நாட்டு எண்ணெய் இனி வராதாம், காகிதம் கிடைக்காதாம். தகியே அம்மா விடிந்ததும் வரிசையில் நின்று கழிப்பறைக் காகிதம் ஒரு மூட்டை வாங்கிவந்தார். "ஒனக்கும் ரெண்டு சுருள் தர்றேன். ஆனா அந்தப் பசுமாட்ட நிறுத்தணும்" என்றார். எண்ணெயிலிருந்துதான் ரெக்கார்டும் செய்கிறார்களாம். இனி வரும் தட்டுகள் அப்பளம் போல மெல்லியதாக இருக்கும் என்று கடைக்காரர் பயமுறுத்துகிறார்.

போன மாதம் ஓடியவை: 'தூங்கும் ட்ரம்பெட்' ஆறு தடவை. 'இரண்டு தொப்பி' இரண்டு. புதிதாக ஒன்று வாங்கினேன், அட்டையில் வாத்து ஒன்று சாலையைக் கடக்கிறது. 'வாத்து' என்றே வைத்துக்கொள்வோம். பியானோவும் ட்ரம்ஸும் மட்டும். மறுபக்கத்தில் மூன்றாவது பாட்டில் யாரோ தும்முகிறார்கள். பதினோராம் தேதி மூன்று மணிக்கு அதைப் போடுகிறேன். உனக்கு அது தெரியாததால், நீ 'கோழிக்கால்' போட்டுக்கொள்.

பதினெட்டு, 'இரண்டு தொப்பி'. இருபத்தைந்து, மறுபடி 'வாத்து'. டிசம்பர் இரண்டு, 'தூங்கும் ட்ரம்பெட்'.

இருபத்தெட்டாம் தேதி வழக்கம்போல வருவேன்.

இகுமி


குஷிரோ
1973 நவம்பர் 18

இகுமிக்கு,

கை நடுங்குவதால் கோதா ஐயா எழுதுகிறார். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். எழுத்துப் பிழை அவருடையது.

பனி விழுந்துவிட்டது. ஐஸ் ஆலையில் இப்போது வேலை குறைவு. பதினோராம் தேதி 'கோழிக்கால்' போட்டேன், பாதியில் தூங்கிவிட்டேன். தூங்கி எழுந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. 'வாத்து' எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். பியானோக்காரர் கொஞ்சம் பிடிவாதக்காரராக இருப்பார் என்று தோன்றுகிறது. சரியா?

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

தொகுஜி

(இதுக்கு மேல நான் கோதா எழுதுறேம்மா. உன் அண்ணன் தூங்குறான். உன் லெட்டரெல்லாம் நாந்தான் படிச்சுக் காட்டுறேன். எனக்கு இந்த ஜாஸு எழவு புடிக்காது. ஆனா தும்மல் எந்தப் பாட்டுல வருதுன்னு எழுதியிருக்க, தட்டு எவ்ளோ மெலிசுன்னு எழுதியிருக்க, அண்ணன் எப்பிடியிருக்கான்னு ஒரு வரி கேக்கலயே. ரெண்டு தடவ திருப்பித் திருப்பிப் பாத்தேன். பக்கம் ஏதும் விட்டுப்போச்சோன்னு உறைக்குள்ளயும் பாத்தேன்.)


குஷிரோ
1973 டிசம்பர் 16

இகுமி அவர்களுக்கு,

வீடு போய்ச் சேர்ந்து, பயணக் களைப்பு நீங்கி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஈமக் காரியத்துக்காக நீங்கள் இங்கே இருந்த இரண்டு நாளும் என் பக்கத்திலேயே நின்றீர்கள். சொல்ல வேண்டியது ஒன்று என்னிடம் இருந்தது. வாய் வரவில்லை. கடை நடத்தி நடத்தி எனக்குப் பேச்சு விட்டுப்போயிற்று.

தொகுஜிக்குத் தெரியும். நீங்கள் அந்த ரெக்கார்டை அனுப்பிய நாளிலிருந்தே தெரியும்.

பார்சலைப் பிரித்ததும் அவர் சிரித்தார். பிறகு என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "என் தங்கச்சி உயிரு இருக்கறவரைக்கும் இதத் தர மாட்டா, மாஸ்டர். தந்துட்டா. அப்பப் போகப்போற உயிரு என்னோடது." நான் ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தேன். "விடுங்க மாஸ்டர். ரெக்கார்டு சேக்கறவன ரெக்கார்டு சேக்கறவன் ஏமாத்த முடியாது" என்றார். "ஆனா அவகிட்ட சொல்லிராதீங்க. எங்கிட்ட மறைக்கணும்னு டாக்டர் சொல்லியிருப்பாரு. இத அனுப்பித் தானேதான் சொல்லிட்டோம்னு தெரிஞ்சா தாங்க மாட்டா."

அதனால் நான் எழுதவில்லை. அவருக்குத் தெரியக் கூடாதென்றுதானே நீங்கள் வராமல் இருந்தீர்கள். தெரியும் என்று நான் ஒரு தபால் அட்டையில் எழுதிப் போட்டிருந்தால் அடுத்த வண்டியில் வந்திருப்பீர்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் இரண்டுவரை பத்து ஞாயிறு. அக்டோபரில் ஒரு நாள், ஒரே ஒரு தடவை, "வந்தா நல்லாருக்கும்" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு அட்டைகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பேசாமல் இருப்பது என் கடையின் விதி. அதை எங்கே விட வேண்டும் என்று தெரியாத முட்டாள் நான். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

அவருடைய தட்டுகள் கடையில் பத்திரமாக இருக்கின்றன. என்ன செய்யலாம் என்று எழுதுங்கள்.

தலை குனிந்து,
குரிமோட்டோ


டோக்கியோ
1973 டிசம்பர் 23

மதிப்பிற்குரிய மாஸ்டர் குரிமோட்டோ அவர்களுக்கு,

ஆண்டுக் கடைசியின் வேலைகளுக்கு நடுவே நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கோதா ஐயாவையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். தட்டுகள் கடையிலேயே இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தை நான்கு நாளாகப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். நீங்கள் உங்களைக் குற்றவாளி ஆக்கிக்கொள்வதை நான் படித்துவிட்டுச் சும்மா இருந்தால் அது இன்னொரு பொய்யாகிவிடும். அதனால் எழுதுகிறேன்.

அண்ணாவுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். செப்டம்பர் மாதக் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது. நான் தாமதமாகக் கை நீட்டவில்லை என்று எழுதியிருந்தார். ஆறு வருஷமாக ஒரு கடிதத்திலும் அதை விட்டுக்கொடுக்காதவர். அந்த வரியைப் படித்ததும், நான் அனுப்பியது என்ன என்று புரிந்தது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மறைக்க ஒன்றுமே மிச்சமில்லை. நான் வரலாம் என்றுதான் அதற்கு அர்த்தம். நீங்கள் தபால் அட்டை எழுதியிருந்தாலும் இதைவிடத் தெளிவாக எழுதியிருக்க முடியாது.

நான் வரவில்லை. அதற்குப் பிறகு ஆறு வாரம் பதில்கூட எழுதவில்லை. எழுதியபோது வாத்தைப் பற்றி எழுதினேன். டாக்டர் சொன்ன காரணம் கையில் இருந்தது. அது பொய்யாகிவிட்ட பிறகும் அதையே பிடித்துக்கொண்டேன்.

ஏன் என்று யோசித்துப் பார்க்கிறேன். அம்மா போன பிறகு அண்ணாவும் நானும் ஒரே அறையில்தான் இருந்தோம். அவர் ஆலையிலிருந்து வந்ததும் தட்டைப் போடுவார். முடிந்ததும் திருப்பிப் போடுவார். அதுவும் முடிந்தால் தூங்கிவிடுவோம். ஒன்றும் ஓடாத அறையில் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்ததே இல்லை. அந்த வார்டில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அண்ணா முகத்தைப் பார்த்து, முதல் வார்த்தையாக என்ன சொல்வது? எனக்கு அது தெரியவில்லை. தெரியாத இடத்துக்குள் நுழைய நான் எப்போதும் பயப்படுகிறவள். மற்றவர்கள் அதை அடக்கம் என்கிறார்கள்.

ஒரே ஒரு தடவை கிளம்பினேன். அக்டோபர் ஆறாம் தேதி, சனிக்கிழமை. மதியம் வேலை முடிந்து நேராக உவேனோ நிலையத்துக்குப் போனேன். பையில் மாற்றுத் துணியும் அண்ணாவுக்குக் கழுத்துத் துண்டு ஒன்றும் இருந்தன. டிக்கெட் வரிசையில் அரை மணி நேரம் நின்றேன். என் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் வயதானவர், நல்ல மாதிரி. எங்கே என்று கேட்டார். குஷிரோ என்றேன்.

"இன்னிக்கு அஞ்சு மணி வண்டில ஜன்னலோரம் ஒண்ணு காலியா இருக்கு. இப்பத்தான் ஒருத்தர் வேணாம்னு திருப்பிக் குடுத்தாரு. ஒங்க அதிர்ஷ்டம்மா. போட்டுரவா?"

"இல்லைங்க," என்றேன். "சும்மா விசாரிக்கத்தான் வந்தேன்."

இகுமி